ஆட்டெலும்புப் பெட்டி: விலங்குத் தொல்லியல் பழக வாங்கலாமா?

ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் 'வெள்ளாட்டு எலும்புக்கூடு, தனித்தனியாகப் பிரித்தது' என்று ஒரு பெட்டி கிடைக்கும். கல்லூரி விலங்கியல் வகுப்புக்கென்று தயாராவது அது. அகழாய்வுக் குழியிலிருந்து வரும் விலங்கெலும்பைப் படிக்கப் பழக வேண்டும் என்று நினைக்கும் தொல்லியல் மாணவர்களும் பெரும்பாலும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். இந்த மதிப்புரை அந்தப் பெட்டி வகையைப் பற்றியது, எந்த ஒரு கடையையும் பற்றியதல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம், ஆனால் இரண்டாவதாக வாங்குங்கள். முதல் செலவு கறிக்கடையில் இரண்டு செட் ஆட்டுக்காலும் ஒரு தலையும். காரணம் இருக்கிறது.

அகழாய்வில் முழு எலும்பு வருவது அபூர்வம். பையைப் பிரித்தால் விரல் நீளத் துண்டு, பாதி உடைந்த மூட்டு முனை, இரண்டு பல்லோடு ஒட்டிய தாடைச் சில்லு, இப்படித்தான் இருக்கும். அதைக் கையில் எடுத்து, இது உடம்பில் எந்த எலும்பு, எந்த விலங்கு, இடதா வலதா, சாகும்போது என்ன வயது, வெட்டு, நெருப்பு, நாய்ப்பல் எதுவும் பட்டிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கீழடியில் கிடைத்த எலும்புகள் புணே டெக்கான் கல்லூரிக்குப் போய், அங்கே 70 மாதிரிகள் ஆராயப்பட்டன. மாடு, எருமை, ஆடு, மான் வகை, காட்டுப்பன்றி, மயில் என்று அறிக்கையில் வந்த பெயர்களெல்லாம் ஒரு கையில் துண்டும் மறு கையில் அறிந்த விலங்கின் எலும்புமாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில்தான் பிறக்கின்றன. அந்த ஒப்பீட்டுக்கு இந்தப் பெட்டி எவ்வளவு உதவும் என்பதுதான் கேள்வி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

நல்ல பெட்டியில் மண்டையோடு, இரண்டு கீழ்த்தாடை, கழுத்து முள்ளெலும்பு 7, மார்பு முள்ளெலும்பு 13, இடுப்பு முள்ளெலும்பு 6, விலா 13 ஜோடி, நான்கு காலின் நீளெலும்புகள், 24 விரலெலும்புகள் இருக்கும். நீளெலும்புகளின் பொது வடிவத்தைக் கண்ணில் பதிய வைக்க இது போதும். ஹியூமரஸ் என்னும் முன்காலின் மேலெலும்பையும் ஃபீமர் என்னும் தொடையெலும்பையும் மாற்றிச் சொல்லாமல் இருக்க ஒரு வாரம் இந்தப் பெட்டியோடு உட்கார்ந்தால் போதும். அந்த அளவில் இது உபயோகமான பொருள்தான்.

குறைகள் சின்ன எலும்பில் தொடங்கும். முன்காலின் மணிக்கட்டில் ஆட்டுக்கு ஆறு எலும்பு உண்டு, இரண்டு காலுக்குப் பன்னிரண்டு. பல பெட்டிகளில் அவை ஒரே பிளாஸ்டிக் உறையில் இடம் வலம் பிரிக்காமல் கொட்டப்பட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்தோ பதினொன்றோ. நாக்கின் அடியில் இருக்கும் ஹையாய்டு எலும்பு அநேகமாக இருக்காது. குளம்புக்குப் பின்னால் இருக்கும் செசமாய்டு என்ற பட்டாணி அளவு எலும்புகள் ஒரு காலுக்கு ஆறு வீதம் 24 இருக்க வேண்டும். அவற்றைத் தசையோடு தூக்கி எறிந்திருப்பார்கள். அகழாய்வில் சலித்தால் வருவது இந்தச் சின்ன எலும்புகள்தான் என்பதால் இது பெரிய இழப்பு.

அதைவிடப் பெரிய குறை மேற்பரப்பு. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போட்டு, மேலே வார்னிஷ் அடித்து அனுப்புகிறார்கள். குளோரின் எலும்பை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தைத் தின்றுவிடும். சில மாதத்தில் முனைகள் மாவுபோல உதிரும். வார்னிஷ் அதை மறைக்கும், கூடவே தசை ஒட்டியிருந்த சொரசொரப்பையும், இரத்தக்குழாய் நுழையும் துளையின் விளிம்பையும், வளர்முனை இணைந்த கோட்டையும் மூடிவிடும். இம்மூன்றும்தான் துண்டை அடையாளம் காண உதவுபவை. நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். பளபளப்பான படலம் சுருண்டு வந்தால் வார்னிஷ், வெள்ளைத் தூள் ஒட்டினால் பிளீச்.

இன்னொன்று, ஒரு பெட்டியில் இருப்பது ஒரே ஆட்டின் எலும்பு என்று நம்ப முடியாது. இடது ஹியூமரஸையும் வலது ஹியூமரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் அளந்தால் தெரிந்துவிடும். ஒரே விலங்கில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே இரண்டு ஆட்டைக் கலந்திருக்கிறார்கள். வயது, பால், இனம் எழுதிய சீட்டு இல்லாத எலும்புக்கூடு ஒப்பீட்டுக்குப் பாதி மதிப்புதான்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: துளை போட்டுக் கம்பி கோத்ததா, வார்னிஷ் அடித்ததா, ஒரே விலங்கா, வெள்ளாடா செம்மறியா, இரு பக்க எலும்பும் உண்டா, மணிக்கட்டு எலும்பு பன்னிரண்டும் உண்டா. கடைசி கேள்விக்கு உடனே பதில் சொல்பவரிடம் தயங்காமல் வாங்கலாம்.

பிளாஸ்டிக் வார்ப்பும் முப்பரிமாண அச்சும்

வார்ப்புகள் உடையாது, நாறாது, பள்ளியில் கைமாற்றிப் பார்க்க ஏற்றவை. ஆனால் எலும்பின் கனம் கிடையாது, உடைந்தால் உள்ளே பஞ்செலும்பு கிடையாது. அச்சில் எடுத்தவற்றில் அடுக்கடுக்கான கோடு ஓடும். வெட்டுத் தழும்பைத் தேடும் கண்ணுக்கு அந்தக் கோடு பகை. ஒரே ஓர் இடத்தில் இவை தவிர்க்க முடியாதவை: மான், மயில் போன்ற வனவிலங்குகள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவற்றின் எலும்பை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். காட்டோரத்தில் கிடந்தது என்று எடுத்துவந்து சேகரிப்பில் வைக்காதீர்கள். அதற்கு அச்சுப் பிரதிதான் வழி, அல்லது பல்கலைக்கழக ஒப்பீட்டுச் சேகரிப்பில் அனுமதி வாங்கிப் போய்ப் பார்ப்பது.

கறிக்கடை வழி

கறிக்கடை எலும்பு பெட்டியை ஏறக்குறைய எல்லா வகையிலும் மிஞ்சுகிறது, கேட்கத் தெரிந்து கேட்டால்.

ஆட்டுக்காலையும் தலையையும் முடி போகத் தீயில் வாட்டித்தான் தருவார்கள். வாட்டினால் தோல் மெல்லிதாக இருக்கும் இடங்களில் எலும்பு பழுப்பேறும், கொம்பின் அடி கருகும். பிறகு தீப்பட்ட எலும்பைப் பற்றிப் படிக்கும்போது உங்கள் ஒப்பீட்டு எலும்பே பொய் சொல்லும். எனவே 'வாட்ட வேண்டாம், அப்படியே கொடுங்கள்' என்று முன்னாளே சொல்லி வையுங்கள். தலையைக் கட்டையில் வைத்து இரண்டாகப் பிளக்க வேண்டாம் என்பதையும், நாக்கை அடியோடு விட்டுவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹையாய்டு நாக்கோடு வரும். காலை முட்டியில் (முன்காலில் அதுதான் மணிக்கட்டு) வெட்டினால் மணிக்கட்டு எலும்பில் பாதி காலோடும் பாதி கறியோடும் போய்விடும். மூட்டுக்கு நான்கு விரல் மேலே வெட்டித் தரச் சொல்ல வேண்டும். நான்கு கால் சேர்ந்த ஒரு செட் ஒரே ஆட்டிலிருந்து வந்ததா என்றும் கேளுங்கள். பல ஆட்டின் கால்கள் ஒரே கூடையில் கிடப்பது வழக்கம்.

வயலில் செத்துக் கிடந்த ஆட்டின் எலும்பை எடுக்கவே கூடாது. அடைப்பான் நோயில் செத்திருந்தால் அதன் கிருமி மண்ணில் பல்லாண்டு உயிரோடு இருக்கும். கடை ஆட்டைக் கையாளும்போதும் கையுறை அவசியம். காய்ந்த எலும்பை அறுத்தாலோ தேய்த்தாலோ முகக்கவசமும் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை இது. கத்தியால் சதையைக் கழியுங்கள், ஆனால் எலும்பைச் சுரண்டாதீர்கள். நீங்கள் போடும் கீறல் பின்னால் பழைய வெட்டுத் தழும்புபோலத் தெரியும். ஒவ்வொரு காலையும் வெங்காயம் வரும் வலைப்பையில் தனித்தனியாகப் போட்டு, 'மு.இ.', 'மு.வ.', 'பி.இ.', 'பி.வ.' என்று பிளாஸ்டிக் சீட்டு கட்டி, மூடியுள்ள வாளியில் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் மிச்சச் சதை தானே கழன்றுவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும், மாடி வைத்திருப்பவர்களுக்கே இது ஒத்துவரும். தண்ணீரை முழுதாக மாற்றாமல் பாதியை மட்டும் மாற்றினால் வேலை செய்யும் பாக்டீரியா மிஞ்சும். தண்ணீரைக் கொட்டும்போது எப்போதும் மாவு சல்லடை வழியாகக் கொட்டுங்கள்.

வாளி வைக்க இடமில்லையென்றால் வேகவைக்கலாம். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டி சேர்த்து, கொதி வராமல், சின்னத் தீயில் மூன்று நான்கு மணி நேரம். குக்கர் வேண்டவே வேண்டாம். பாயாவுக்குக் குக்கர் நல்லது, ஏனென்றால் அது எலும்பின் கொலாஜனைக் கரைத்துக் குழம்பில் இறக்கிவிடுகிறது. அதே காரணத்தால் எலும்பு சுண்ணாம்புக் கட்டிபோல ஆகிவிடும். கொப்பளிக்கக் கொதிக்க வைத்தாலும் கொழுப்பு உள்ளே போய்ப் பிறகு மஞ்சளாகக் கசியும்.

சதை போன பிறகு கொழுப்பு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்றி, இரண்டிலிருந்து நான்கு வாரம். பொறுமை இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டுபவர்களின் எலும்பில்தான் ஆறு மாதத்தில் பிசுபிசுப்பும் எறும்பும் வருகின்றன. வெளுக்க மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 20 வால்யூம் என்று போட்டிருந்தால் அது 6 விழுக்காடு, சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3. ஒரு நாள் ஊறினால் போதும். மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும்.

இளம் ஆடு என்பதன் பெரிய லாபம்

கறிக்கு வெட்டும் ஆடு பெரும்பாலும் இளசு. சமையலுக்கு எதுவோ படிப்புக்கும் அதுவே நல்லது. பெட்டியில் வரும் வளர்ந்த ஆட்டில் வயதுப் பாடம் முடிந்து போயிருக்கும். எல்லா முனையும் ஒட்டியிருக்கும்.

ஆட்டின் நீளெலும்பில் தண்டும் முனையும் தனித்தனியே வளர்ந்து, குறிப்பிட்ட வயதில் இணைகின்றன. ஹியூமரஸின் கீழ்முனையும், அதற்கு அடுத்துக் கீழே வரும் ரேடியஸின் மேல்முனையும் ஏறக்குறைய 10 மாதத்தில். விரலெலும்புகள் 13 முதல் 16 மாதத்தில். டிபியா என்னும், தொடையெலும்புக்குக் கீழே வரும் எலும்பின் கீழ்முனை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டில். குதிகாலெலும்பு இரண்டரை முதல் மூன்று ஆண்டில். ஹியூமரஸின் மேல்முனையும் டிபியாவின் மேல்முனையும் மூன்று, மூன்றரை ஆண்டில். தீவனத்துக்கும் இனத்துக்கும் ஏற்ப இது முன்னே பின்னே ஆகும், கிடாயைக் காயடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆனால் இணையும் வரிசை பெரிதாக மாறுவதில்லை. கீழே இணைந்தும் மேலே இணையாமலும் இருக்கும் ஒரு ஹியூமரஸைக் கையில் பிடித்தாலே அந்த ஆடு ஏறக்குறைய ஒன்றுக்கும் மூன்றரைக்கும் இடைப்பட்ட வயதில் செத்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட ஆட்டின் நான்கு காலை ஊறவைத்தால் விரலெலும்புகளுக்கு நேர்மேலே உள்ள நான்கு நீளெலும்புகளின் கீழ்முனையிலிருந்து எட்டு உருண்டை மூடிகளும், விரலெலும்புகளிலிருந்து சட்டைப் பொத்தான் அளவில் பதினாறு தகடுகளும் கழன்று வரும். மொத்தம் 24. வலைப்பையும் சல்லடையும் எதற்கு என்று அப்போது புரியும். இணையாத தண்டின் முனையை விரலால் தடவினால் மேடும் பள்ளமுமாக அலையலையாக இருக்கும். உடைந்த முனையில் பஞ்செலும்பின் ஓட்டைகள் தெரியும். குழியில் இரண்டையும் குழப்புவது தொடக்கக்காரர்களின் முதல் தவறு, பெட்டி எலும்பு இதைச் சொல்லித் தரவே தராது.

தாடையும் அப்படியே. ஆட்டுக்கு மேல்முன்பல் கிடையாது. வளர்ந்த ஆட்டுக்குப் பல் மொத்தம் 32, பால்பல் 20. கீழ்த்தாடையில் மூன்று மடல் கொண்ட பல் இரண்டு உண்டு: கடைசிப் பால் முன்கடைவாய்ப்பல் ஒன்று, மூன்றாம் கடைவாய்ப்பல் மற்றது. முதலாவது இளங்குட்டி வாயில் இருப்பது, இரண்டாவது ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு முளைப்பது. மூன்றாம் கடைவாய்ப்பல்லில் பின்மடல் ஒல்லியாகத் தனியே நிற்கும். பால்பல்லில் மூன்று மடலும் வரிசையாகப் பருமன் கூடிக்கொண்டே போகும், வேர் விரிந்திருக்கும். உடைந்த தாடையில் இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால் குட்டி கிழடாகிவிடும்.

வெட்டும் உடைப்பும்

இங்கேதான் கறிக்கடை எலும்புக்கு ஈடே இல்லை. கட்டையில் வைத்து வெட்டிய நல்லி எலும்பு ஒரு கிலோ வாங்கி, தின்ற பிறகு சுத்தம் செய்யுங்கள். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். கனமான வெட்டுக்கத்தி பட்ட இடத்தில் ஒரு பக்கம் வழவழப்பான சரிவும், மறுபக்கம் பெயர்ந்து போன விளிம்பும் இருக்கும். சதை அரிந்த சின்னக் கத்தி, மூட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி இரண்டு மூன்று இணைகோடு போட்டிருக்கும். மின்ரம்பம் வைத்த கடையானால் வெட்டுமுகம் முழுக்கச் சீரான வரி. இதோடு ஒரு காய்ந்த எலும்பில் அகழாய்வுக் கரண்டியால் நீங்களே ஒரு கீறு போட்டு வையுங்கள். அதன் உட்புறம் வெளிறித் தெரியும். பழைய வெட்டின் உட்புறம் சுற்றியுள்ள எலும்பின் நிறத்திலேயே இருக்கும். அந்த நிற வேறுபாடு ஒன்றே பல தவறான அறிக்கைகளைத் தடுக்கும்.

ஒரு பச்சை டிபியாவைக் கல்லால் உடையுங்கள்: திருகுபோலச் சுழன்ற, வழவழப்பான உடைப்பு வரும். மூன்று மாதம் காய்ந்ததை உடையுங்கள்: குறுக்கே, படிக்கட்டுபோல, சொரசொரப்பாக வரும். உள்ளிருக்கும் மஜ்ஜைக்காக உடைத்தார்களா, மண்ணின் கனத்தில் நொறுங்கியதா என்ற கேள்வி இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. இன்னும் நான்கு எலும்பை நாய்க்குப் போட்டு மறுநாள் எடுத்தால் பல்குழியும் நக்கித் தேய்ந்த முனையும் கிடைக்கும். விறகடுப்பில் போட்டால் பழுப்பு, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று சூட்டுக்கு ஏற்ப நிறம் வரும்.

பழகும் விதம்

எலும்பில் எழுதும் முன் பேராலாய்டு பி-72 என்னும் நிறமற்ற பிசினை அசிட்டோனில் கரைத்து நகம் அளவு ஓரிடத்தில் தடவி, காய்ந்ததும் இந்திய மையால் விலங்கு எண்ணும் பக்கமும் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. மூட்டுப் பரப்பில் எழுதக் கூடாது.

இடம் வலம் பழக ஹியூமரஸின் கீழ்முனையில் தொடங்குங்கள். மூட்டு கீழே, எலும்பின் முன்பக்கம் உங்களைப் பார்த்து. உருளை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலியும். மெலிந்த பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது இடக்கால் எலும்பு. கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லும்வரை பழகுங்கள். மண் ஒட்டிய துண்டில் அந்த விரல் நினைவுதான் கைகொடுக்கும்.

வெள்ளாடு, செம்மறி பிரிப்புக்கு ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு வளர்ந்த ஆட்டின் முன்கால் எலும்பு வேண்டும். முன்காலில் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள நீளெலும்பான மெட்டாகார்பலின் கீழ்முனை உருளையில் நடுவரம்பின் முன்பின் விட்டத்தையும் அதற்கு வெளியே உள்ள பகுதியின் முன்பின் விட்டத்தையும் 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து, பின்னது முன்னதில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள்: 63 விழுக்காட்டை ஒட்டி, மேலே செம்மறி, கீழே வெள்ளாடு. எல்லைக்கு அருகில் வருவதை இரண்டில் ஒன்றாகத் திணிக்காமல் 'ஆடு வகை' என்றே பதியுங்கள். கொம்பின் உள்ளெலும்பு கிடைத்தால் வேலை எளிது: வெள்ளாட்டுக்கு முன்விளிம்பு கூரிய பாதாம் வடிவ வெட்டுமுகம்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. குவியலில் ஹியூமரஸ் கீழ்முனை இடது 4, நான்கும் இணைந்தவை. வலது 3, அதில் இரண்டு இணையாதவை. பக்கத்தை மட்டும் பார்த்தால் குறைந்தபட்சம் 4 ஆடு. வயதையும் பார்த்தால் இணையாத இரண்டு வலது எலும்பும் எந்த இடதோடும் ஜோடி சேராது, எனவே 6. துண்டு எண்ணிக்கை 7, ஆட்டு எண்ணிக்கை 6. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

கோழியும் சேர்க்கலாம். பிராய்லர் வேண்டாம், ஆறு வாரத்தில் வெட்டும் அதன் எலும்பு முனை குருத்தெலும்பாகவே இருந்து ஊறும்போது கரைந்து போகும். வயதான நாட்டுக்கோழி வாங்குங்கள். சேவலென்றால் காலெலும்பில் முள்ளும் கிடைக்கும்.

மதிப்பெண் கேட்டால்: வார்னிஷ் அடிக்காத, ஒரே விலங்கின், சீட்டு உள்ள பெட்டிக்கு ஐந்துக்கு நாலு. வார்னிஷ் அடித்ததற்கு ஒன்றரை, அதுவும் மண்டையோட்டுக்காக. கறிக்கடை எலும்புக்கு ஐந்துக்கு ஐந்து, ஆறு வாரம் பொறுக்க மனமிருந்தால். வளர்ந்த ஆட்டின் முழு மண்டையும் முற்றிய பல்வரிசையும் கறிக்கடையில் எளிதில் கிடைக்காது. அந்தக் குறையை அடைக்கத்தான், இளம் ஆட்டின் எலும்பெல்லாம் கைப்பழக்கமான பிறகு, பெட்டியை வாங்க வேண்டும்.